வறண்ட மண்ணில் கதிரியக்க மாசு: எந்தக் கணக்கை எங்கே நம்பலாம்?

அணுக்கழிவைப் புதைக்க இடம் தேடுகிறவர்கள் பாலைவனத்தின் பக்கம் போவதற்குக் காரணம் எளிது. மழை சொற்பம். நிலத்தடி நீர்மட்டம் வெகு ஆழத்தில். கழிவைத் தொட்டுக் கீழே இழுத்துப்போகத் தண்ணீர் இருக்காது என்ற நம்பிக்கை. அமெரிக்காவின் முதல் வணிகக் கழிவுக்களம் இந்த நம்பிக்கையில்தான் 1962-ல் நெவாடா மாநிலத்தின் அமர்கோசா பாலைவனத்தில், பீட்டி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் திறக்கப்பட்டது. அங்கே ஆண்டு மழை சுமார் 110 மி.மீ.; நீர்மட்டம் 85 மீட்டருக்கும் கீழே. 1992-ல் களத்தை மூடினார்கள். 1995-ல், பக்கத்திலேயே ஆய்வு நடத்திவந்த அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர், குழிகளிலிருந்து சுமார் 100 மீட்டர் தள்ளியிருந்த ஒரு துளையில் டிரிட்டியம், கார்பன்-14 என்ற இரண்டு கதிரியக்கப் பொருள்களும் இயல்பைவிட மிக அதிகமாக இருப்பதைக் கண்டார்கள்.

இத்தனைக்கும் அந்த மண்ணில் மழைநீர் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பத்து மீட்டருக்குக் கீழே இறங்கியதில்லை என்பதை அதே துறையினர்தான் மண்ணிலுள்ள குளோரைடை வைத்து நிறுவியிருந்தார்கள். தண்ணீர் இறங்கவில்லை, மாசு நகர்ந்துவிட்டது. இரண்டும் உண்மை.

இப்படிப்பட்ட நிலத்தில் மாசு எங்கே போகும், எப்போது போகும் என்று கணிக்க இன்று கைவசம் ஐந்து வகை மாடல்கள் இருக்கின்றன. ஒரு களத்துக்கு உரிமம் தருவதா வேண்டாமா, கசிந்த தொட்டிக்கு அடியில் தோண்டி எடுப்பதா மேலே மூடி போட்டு விட்டுவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் இவற்றில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய மாடல் சிறந்த மாடல் என்ற எண்ணம் இந்தத் துறையில் நிறையப் பணத்தைத் தின்றிருக்கிறது. வறண்ட மண்ணில் மாடலைத் தீர்மானிப்பவை இரண்டே விஷயங்கள்: கழிவோடு கூட வந்த திரவம் என்ன, தரைக்கு மேலே என்ன முளைத்திருக்கிறது. இந்த இரண்டும் தெரியாதவருக்கு ஐந்து மாடல்களும் ஒன்றுதான்.

முதலில் மண்ணின் குணம்

நீர் நிறைந்த மண்ணில் தண்ணீர் ஓடுவது பெரிய துளைகள் வழியாக. மண் காயக் காயப் பெரிய துளைகள் முதலில் காலியாகின்றன. மிச்ச நீர் துகள்களைச் சுற்றி மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் நீர்கடத்தும் திறன் பாதியாகக் குறைவதில்லை. லட்சத்தில் ஒரு பங்கு, கோடியில் ஒரு பங்கு என்று விழுந்துவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஈரமான மண்ணில் தண்ணீரை வேகமாக விடுகிற சரளைக்கல் அடுக்கு, வறண்ட மண்ணில் தண்ணீருக்குத் தடைச்சுவர். மேலே இருக்கும் நுண்மண் தன் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அது ஏறக்குறைய நிறையும்வரை கீழேயுள்ள சரளைக்குள் சொட்டுகூட விழாது. அதே சரளை காற்றுக்கும் ஆவிக்கும் அகலமான பாதை. பீட்டியில் நடந்ததற்கான முக்கியமான துப்பு இங்கேதான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று, திசை. பாலைவனச் செடிகளின் வேர் உறிஞ்சுகிற வேகத்தில் மேல்மண் மிகவும் காய்ந்து, கீழேயுள்ள ஈரத்தை மேல்நோக்கி இழுக்கும். பல இடங்களில் முதல் சில பத்து மீட்டர்களில் நீரின் நாட்டம் மேல்நோக்கியே இருக்கிறது. ஆகவே ‘எவ்வளவு வேகமாகக் கீழே போகும்’ என்று கேட்டுத் தொடங்குகிற மாடல் கேள்வியிலேயே பாதி விடையை எழுதிவிடுகிறது.

ஒன்று: பகிர்வுக் கெழு வைத்த எளிய கணக்கு

மிகப் பழையது, மிக மலிவானது, இன்றும் மிக அதிகமாகப் பயன்படுவது. ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் ரெஸ்ராட் போன்ற மென்பொருள்கள் இந்த வகை. ஆண்டுக்கு இவ்வளவு நீர் ஒரே சீராகக் கீழே இறங்குகிறது, மாசின் ஒரு பகுதி மண்துகளில் ஒட்டிக்கொள்கிறது, மீதி நீரோடு போகிறது என்று வைத்துக்கொள்ளும். ஒட்டுவதற்கும் கரைந்திருப்பதற்கும் உள்ள விகிதம்தான் பகிர்வுக் கெழு.

கணக்கைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். மண்ணில் நீரின் கன அளவுப் பங்கு 0.06, நீர்மட்டம் 70 மீட்டர் ஆழம், ஆண்டுக்கு 1 மி.மீ. நீர் கீழே இறங்குகிறது என்று வைப்போம். நீர் நகரும் வேகம் ஆண்டுக்குச் சுமார் 17 மி.மீ. எழுபது மீட்டரைக் கடக்க 4,200 ஆண்டுகள். டிரிட்டியத்தின் அரையாயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 12.3 ஆண்டு, சீசியம்-137-க்கு 30 ஆண்டு. இரண்டும் வழியிலேயே சிதைந்து தீர்ந்துவிடும். மண்ணில் ஏறக்குறைய ஒட்டவே ஒட்டாத டெக்னீசியம்-99-க்கு அரையாயுள் 2 லட்சம் ஆண்டுக்கும் மேல். அது மட்டும் போய்ச் சேரும். ஒரு பக்கத்தில் முடிந்த கணக்கு, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இந்த வெளிப்படைத்தன்மைக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும். நூறு பக்க மாடல் அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் படிக்கத் தொடங்க வேண்டும்.

இனி இதன் பொறி. இறங்கும் நீர் ஆண்டுக்கு 1 மி.மீ. அல்ல, 60 மி.மீ. என்று மாற்றுங்கள். ஈரமும் கொஞ்சம் ஏறியிருக்கும் என்று 0.1 வைத்தால், அதே எழுபது மீட்டரைக் கடக்க நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் போதும். விடை முழுவதும் அந்த ஓர் எண்ணில் தொங்குகிறது. அந்த எண்ணை இந்த மாடல் தானாகக் கண்டுபிடிக்காது, நாம்தான் ஊட்ட வேண்டும்.

இரண்டாவது பொறி இன்னும் நயவஞ்சகமானது. ஒட்டும் மாசு நீரைவிட எத்தனை மடங்கு மெதுவாகப் போகும் என்பதற்கான தாமதக் காரணியில் மண்ணின் அடர்த்தியைப் பகிர்வுக் கெழுவால் பெருக்கி, ஈரப் பங்கால் வகுக்கிறோம். கெழு கிராமுக்கு 1 மி.லி. என்றால், ஈரம் 0.4 உள்ள மண்ணில் தாமதம் 5 மடங்கு. அதே மண் காய்ந்து 0.06-க்கு வந்தால் 28 மடங்கு. காகிதத்தில் வறட்சி என்பது இலவசப் பாதுகாப்பு. ஆனால் அந்தக் கெழுவை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்? பெரும்பாலும் ஒரு கிராம் மண்ணைப் பல மி.லி. நீரில் போட்டுக் குலுக்கி. வறண்ட நிலத்தில் அந்த நிலைமை எங்கேயும் கிடையாது. கூடவே, கழிவுத் திரவத்தின் வேதியியல் இந்தக் கெழுவை அடியோடு மாற்றும். ஹான்ஃபோர்டு என்ற அமெரிக்க அணு வளாகத்தில் நடந்தது அதுதான். ஐந்தாவது மாடலில் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு: ரிச்சர்ட்ஸ் சமன்பாடு

1931-ல் லொரென்ஸோ ரிச்சர்ட்ஸ் எழுதிய சமன்பாடு. மழை, ஆவியாதல், வேர் உறிஞ்சுதல், மண் அடுக்குகள் எல்லாவற்றையும் வைத்து நீர் எந்த நாளில் எந்த ஆழத்தில் எத்திசையில் நகர்கிறது என்பதைக் கணினியில் தீர்க்கிறது. ஒரு பரிமாணத்துக்கு ஹைட்ரஸ்-1டி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஹான்ஃபோர்டில் மழை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கவே அன்சாட்-எச் எழுதப்பட்டது. பெரிய களங்களுக்குப் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகத்தின் ஸ்டாம்ப் இருக்கிறது.

முதல் மாடல் நம்மிடம் கேட்ட அந்த ஒற்றை எண்ணை இது கணித்துத் தருகிறது என்பதுதான் பெரிய லாபம். அந்த எண் எப்படியெல்லாம் மாறும் என்பதற்கு ஹான்ஃபோர்டைவிட நல்ல இடம் கிடையாது. வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா நதிக்கரையில் புளூட்டோனியம் தயாரிக்க 1943-ல் நிறுவிய வளாகம் அது. ஆண்டு மழை சுமார் 170 மி.மீ.; பெரும்பகுதி குளிர்காலத்தில், செடிகள் உறங்கும்போது பெய்கிறது. நுண்மண்ணும் புதர்களும் இயல்பாக உள்ள இடத்தில் ஆழத்துக்கு இறங்கும் நீர் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆனால் கழிவுத் தொட்டிகளைப் புதைத்த இடங்களில் செடிகொடி முளைக்காதபடி சரளை பரப்பிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அப்படி வெறும் சரளைப் பரப்பில் பெய்த மழையில் பாதிக்கும் மேல் கீழே இறங்குவதை மண்தொட்டி அளவீடுகள் காட்டின. ஒரே வானம், ஒரே மழை, நடுவில் ஒரு வேலி. ஒரு பக்கம் பூஜ்யம், மறுபக்கம் ஈரநாட்டு அளவு. பாதுகாப்புக்காகச் செய்த களையெடுப்புதான் மாசுக்கு வாகனம் கொடுத்தது.

இதைப் பார்த்த பிறகு, தரைவழியே இறங்கும் நீரை ‘ஆண்டுக்கு இத்தனை மி.மீ.’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும் எந்த அறிக்கையையும் நான் மேற்கொண்டு நம்புவதில்லை. இதே பாடத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தியதும் ஹான்ஃபோர்டில்தான் நடந்தது. 1994-ல் பழைய வடிகால் குழி ஒன்றின்மேல் நுண்மண், மணல், சரளை, பாறை என்று அடுக்கி, மேலே புதர் வளர்த்து, சோதனை மூடி ஒன்றைக் கட்டினார்கள். சில ஆண்டுகள் இயல்பான மழையைப் போல மூன்று மடங்கு நீரை ஊற்றிப் பார்த்தார்கள். 2008-ல் மேலேயுள்ள செடிகளைத் தீவைத்தும் பார்த்தார்கள். மண்ணின் உறிஞ்சுதலும் வேரும் அந்த நீரை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி அனுப்பிவிட்டன. இந்த மாதிரி மூடியை வடிவமைக்க ரிச்சர்ட்ஸ் வகை மாடல் தவிர வேறு எதுவும் உதவாது.

குறைகள் உண்டு. மண்ணின் உறிஞ்சு விசைக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவை வான் கெனுக்டன் 1980-ல் தந்த வளைவில் பொருத்துவது வழக்கம். அந்த வளைவு மிக வறண்ட முனையில் ‘எஞ்சிய ஈரம்’ என்ற கற்பனைக் கோட்டில் நின்றுவிடுகிறது. பாலைமண் இருப்பதோ பெரும்பாலும் அந்த முனையில். வளைவு பொருந்துகிற ஈரமான பகுதியில் ஆய்வகத் தரவு, நமக்கு வேண்டிய வறண்ட பகுதியில் வெறும் நீட்டிப்பு. திடீர்ப் பெருமழையைக் கொடுத்தால் கணினி நேரப் படிகளைச் சுருக்கிச் சுருக்கித் திணறுவதும் இதை ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதோடு, மண் கிடைமட்ட அடுக்குகளாக இருந்தால் ஈரம் குறையக் குறைய நீர் கீழே போவதைவிடப் பக்கவாட்டில் பரவ விரும்புகிறது. ஒரு பரிமாண மாடலில் இது தெரியவே தெரியாது. ஹான்ஃபோர்டில் கசிவுகள் எதிர்பார்த்ததைவிட அகலமாகப் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரிபார்க்க மலிவான வழி ஒன்று இருக்கிறது: குளோரைடு. மழையோடும் தூசியோடும் சிறிது உப்பு விழுகிறது. செடி நீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டரில் 55 மில்லிகிராம் குளோரைடு விழுகிறது என்று கொள்வோம். வேருக்குக் கீழே மண்நீரில் லிட்டருக்கு 55 மி.கி. இருந்தால் இறங்கும் நீர் ஆண்டுக்கு 1 மி.மீ. லிட்டருக்கு 2,750 மி.கி. இருந்தால் 0.02 மி.மீ., அதாவது இறங்கவில்லை என்றே அர்த்தம். ஒரு துளை தோண்டி, மண்ணெடுத்து, நீரில் கரைத்து அளந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சராசரி கையில் வந்துவிடும். மாடலுக்கு லட்சங்களைக் கொட்டிவிட்டு இந்த ஒரு துளையில் சிக்கனம் பார்க்கிறவர்களை என்ன சொல்வது!

மூன்று: ஆவியும் வாயுவும் சேர்ந்த மாடல்

பீட்டிக்குத் திரும்புவோம். டிரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம்; தண்ணீர் மூலக்கூறிலேயே குடியேறிவிடும். தண்ணீர் ஆவியானால் அதுவும் ஆவியாகும். கார்பன்-14 கரியமில வாயுவாகும். இவற்றுக்குக் கீழே இறங்கும் நீர் தேவையில்லை. துளைகளில் காற்று இருந்தால் போதும். ஈரமான மண்ணில் துளைகள் நீரால் அடைபட்டிருக்கும், காற்றுப் பாதை குறைவு. வறண்ட மண்ணில் எல்லாம் திறந்து கிடக்கிறது. எந்த வறட்சியை நம்பி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்களோ, அதுவே இந்த இரண்டுக்கும் வழிவிட்டது.

நிலவியல் துறையினர் பின்னர் அதைப் பரப்பிலேயே வரைபடமாக்கிய விதம் எனக்குப் பிடித்த பகுதி. களத்தைச் சுற்றி எங்கும் துளை போடுவதற்குப் பதிலாக அங்கே வளரும் கிரியோசோட் புதர்களின் இலைகளைப் பறித்து, இலைநீரைப் பிரித்தெடுத்து டிரிட்டியத்தை அளந்தார்கள். வேர் உறிஞ்சிய மண்ணீரின் கதையை இலை சொல்லிவிட்டது. மாசு குழிகளிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் போயிருந்தது. அதிலும் வேர்மண்டலத்துக்குச் சற்றுக் கீழே, சுமார் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருக்கும் வறண்ட சரளை அடுக்கு வழியாகப் பக்கவாட்டில் அதிகம். தண்ணீருக்குத் தடைச்சுவர் என்று சொன்னேனே, அதே அடுக்கு.

மாடல் தரப்பில் நடந்தது சுவையானது. நீரோட்டம், நீராவி, வெப்பம் மூன்றையும் இணைக்கும் கோட்பாட்டை ஃபிலிப்பும் டி வ்ரீஸும் 1957-லேயே தந்துவிட்டார்கள். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் டஃப்-2 போன்றவை அதைக் கணினியில் ஓட்டுகின்றன. இருந்தும் பீட்டியில் அளந்த தூரத்தை ஆவிப் பரவல் கணக்குகள் எட்டவில்லை. மிகக் குறைவாகவே காட்டின. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஒரு கன மீட்டர் ஈரக்காற்றில் அறை வெப்பநிலையில் உள்ள நீர் 17 கிராம் அளவு. ஆவியாக நகரும் டிரிட்டியம் வழியில் சந்திக்கும் ஒவ்வொரு நீர்ப்படலத்தோடும் இடம் மாற்றிக்கொண்டு தங்கித் தங்கித்தான் போகும். அப்படியிருக்க இவ்வளவு தூரம் எப்படி? குழிகளிலிருந்து உந்தப்பட்ட வாயு, திரவக் கழிவாகவே அங்கே கொட்டப்பட்டவை, பாறைத் துகள் அளவும் அடுக்குகளும் என்று பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மாடல் அழகாக விளக்கிவிட்டது என்று சொல்ல முடியாது.

இருந்தாலும் டிரிட்டியமோ கார்பன்-14-ஓ ரேடான் தரும் யுரேனியம், ரேடியமோ பட்டியலில் இருந்தால் வாயுப் பாதை இல்லாத மாடலைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். தூரத்தைக் குறைத்துச் சொன்னாலும் இது பாதை இருப்பதையாவது சொல்கிறது. முதல் இரண்டும் அந்தப் பாதையே இல்லை என்கின்றன. கலிஃபோர்னியாவின் வார்ட் பள்ளத்தாக்கில் இதேபோன்ற களம் அமைக்கத் திட்டமிட்டு 1990-களில் பெரும் சச்சரவு நடந்தபோது பீட்டியின் டிரிட்டியம்தான் எதிர்த்தரப்பின் கையில் கிடைத்த வலுவான ஆயுதம். ‘அங்கே திரவத்தைக் கொட்டினார்கள், இங்கே கொட்ட மாட்டோம்’ என்பது ஆதரவாளர்களின் பதில். பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வாயு நகர்வை முன்கூட்டியே கணக்கில் கொண்ட மாடல் கையில் இருந்திருந்தால் அந்த வாதம் வேறு மாதிரி நடந்திருக்கும். அந்தத் திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது.

நான்கு: குறுக்குவழிகளுக்கான இரட்டை ஊடக மாடல்

மண்ணையோ பாறையையோ இரண்டு ஊடகங்களாகப் பிரித்து, பெரும்பகுதியில் நீர் மெதுவாகவும் வெடிப்புகளில் வேகமாகவும் போகிறது, இடையில் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்று கணக்கிடுவது இது. நெவாடாவின் யக்கா மலை இதற்குப் பிரபலமான சாட்சி. உயர்நிலைக் கழிவுக்காக நீர்மட்டத்துக்குச் சுமார் 300 மீட்டர் மேலே, தரைக்கு 300 மீட்டர் கீழே கிடங்கு குடையத் திட்டமிட்டிருந்தார்கள். 1990-களின் நடுவில் சோதனைச் சுரங்கப் பாறையில் குளோரின்-36 அதிகமாக இருந்த சில இடங்கள் தெரியவந்தன. 1950-களில் பசிபிக்கில் கடல்நீர் மேல் நடந்த அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து காற்றில் கலந்த குளோரின் அது என்றால், நீரின் ஒரு பகுதி 50 ஆண்டுக்குள் 300 மீட்டர் இறங்கிவிட்டது என்று பொருள். பின்னர் செய்த மறுஆய்வில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை, சர்ச்சை தீரவில்லை. ஆனாலும் ஊடுருவல் மதிப்பீடு ஆண்டுக்கு 1 மி.மீ.க்கும் கீழே என்றிருந்ததிலிருந்து பல மி.மீ. ஆனது.

வெடிப்புப் பாறை என்றால் இந்த மாடல் இல்லாமல் முடியாது. ஆற்று மணலும் சரளையும் படிந்த பாலைச் சமவெளியில் நான் இதை முதலில் எடுக்க மாட்டேன். அங்கே வேகப் பாதை திறக்க நீர் குளமாகத் தேங்க வேண்டும். அந்தத் தேங்கலைத் தடுப்பது மாடலைவிட மலிவு. இரண்டாவது ஊடகத்துக்கான எண்களை அளக்க வழியில்லாமல், கிடைத்த விடைக்குப் பொருந்தும்படி திருகுவதே பெரும்பாலும் நடக்கிறது.

ஐந்து: முழு வேதிநகர்வு மாடல்

ஹான்ஃபோர்டில் 177 நிலத்தடித் தொட்டிகளில் 20 கோடி லிட்டருக்கும் மேல் கழிவு இருக்கிறது. ஒற்றைச் சுவர்த் தொட்டிகள் 149. அவற்றில் பல கசிந்தன, மொத்தக் கசிவு சுமார் 40 லட்சம் லிட்டர் என்று மதிப்பிடப்படுகிறது. அதுபோக, செயல்பாட்டுக் காலத்தில் வடிகால்களிலும் குளங்களிலும் நேரடியாக மண்ணில் விட்ட திரவம் ஒரு லட்சம் கோடி லிட்டருக்கும் மேல். அப்படிப்பட்ட இடத்தை ‘வறண்ட நிலம்’ என்று மாடலில் எழுதுவதே ஒரு வகைப் பொய்தான்.

எஸ்எக்ஸ் எனப்படும் தொட்டி வளாகத்தில் சீசியம்-137 பெருமளவு கசிந்தது. சீசியம் மைக்கா வகைக் கனிமங்களின் விளிம்பில் இறுகப் பிடித்துக்கொள்ளும். பகிர்வுக் கெழு நூறு, ஆயிரம் என்று போகும். கெழு 100, ஈரம் 0.1, நீரிறக்கம் ஆண்டுக்கு 60 மி.மீ. என்று முதல் மாடலில் போட்டால் சீசியம் நாற்பது ஆண்டில் நகர வேண்டிய தூரம் ஒன்றரை சென்டிமீட்டர். 1990-களில் துளைகளில் காமாக் கதிர் அளவி இறக்கியபோது தொட்டி அடிமட்டத்துக்குப் பல மீட்டர் கீழே, தரையிலிருந்து சுமார் 25 மீட்டர் ஆழம்வரை சீசியம் இருந்தது. துளையிடும் குழாய்தான் மேலிருந்து மாசைக் கீழே இழுத்துப்போயிருக்கும் என்று முதலில் ஒரு தரப்பு வாதிட்டது. கொஞ்சம் அப்படியும் நடந்திருக்கலாம். ஆனால் பின்னர் கவனமாக எடுத்த மண் மாதிரிகள் சீசியம் உண்மையிலேயே இறங்கியிருப்பதை உறுதி செய்தன.

விளக்கம் கழிவின் உப்பில் இருந்தது. கசிந்த திரவத்தில் சோடியம் கடல்நீரைவிடப் பத்து மடங்குக்கும் மேல். கனிம விளிம்பில் சீசியம் உட்கார வேண்டிய இடங்களையெல்லாம் கோடிக்கணக்கில் வந்த சோடியம் அயனிகள் பிடித்துக்கொண்டன. இடம் கிடைக்காத சீசியம் உப்புக்கரைசலோடு கீழே போனது. திரவம் சூடாகவும் இருந்தது. பின்னர் மழைநீர் கலந்து உப்பு நீர்த்துப்போனதும் சீசியம் திரும்ப ஒட்டிக்கொண்டது. ஆகவே இனி அது மெல்லத்தான் நகரும். கவனியுங்கள், ஒரே தனிமம், ஒரே மண், நாற்பது ஆண்டில் இரண்டு வேறு குணங்கள். ஒற்றைக் கெழுவால் இதைச் சொல்லவே முடியாது. பல வகை ஒட்டிடங்களையும் அயனிப் பரிமாற்றத்தையும் படிப்படியாகக் கணக்கிடும் மாடல்தான் இரண்டையும் சேர்த்து விளக்கியது. ஹான்ஃபோர்டிலேயே இசட்-9, இசட்-1ஏ என்ற குழிகளில் அமிலமும் கரிமக் கரைப்பான்களும் கலந்து விட்ட கழிவில், நகரவே நகராது என்று நம்பிய புளூட்டோனியம்கூடச் சிறு அளவில் 30 மீட்டர்வரை போயிருக்கிறது.

அப்படியானால் எல்லா இடத்திலும் இதையே போட்டுவிடலாமே? முடியாது. கசிந்த திரவத்தின் அமைப்பு, மண் கனிமங்களின் பரிமாற்றத் திறன், வெப்பநிலை, கசிந்த வேகம் எல்லாம் தெரிய வேண்டும். ஹான்ஃபோர்டில் எந்தத் தொட்டி எப்போது எவ்வளவு கசிந்தது என்பதே பாதி ஊகம். ஃப்ரீக்-சி போன்ற இலவச வேதியியல் மென்பொருளும், அதை ஹைட்ரஸோடு இணைக்கும் எச்பி-1-உம் இருப்பதால் தொடங்குவது சுலபம். அகலக்கால் வைத்துவிட்டுப் பின் தரவு இல்லாமல் கைக்கு வந்த எண்களை இட்டு நிரப்புவதும் அதே அளவு சுலபம்.

எதை எங்கே எடுப்பது

கழிவு திடப்பொருள், டிரிட்டியமும் கார்பனும் இல்லை, களம் மணற்சமவெளி என்றால்: ஒரு பரிமாண ரிச்சர்ட்ஸ் மாடலும் ஒரு குளோரைடுத் துளையும் போதும். மாசுநகர்வுக்குப் பகிர்வுக் கெழுவே போதுமானது, ஏனென்றால் வரப்போகிற நீர் மழைநீர் மட்டுமே. ஐந்தாவது மாடலுக்கு இங்கே வேலை இல்லை. நீர் மேல்நோக்கி இழுபடுகிறது என்று துளை சொன்னால், கவனத்தை நீர்மட்டத்திலிருந்து எடுத்துத் தரைக்கு மேலே திருப்ப வேண்டும். நெவாடா அணுச்சோதனைக் களத்தின் 5-ஆம் பகுதியில் அப்படித்தான் செய்தார்கள். நீர்மட்டம் சுமார் 235 மீட்டர் கீழே இருக்க, கோல்ட்சிம் என்ற மென்பொருளில் கட்டிய அவர்களது மாடலில் வேர்களும் எறும்புகளும் கரையான்களும் மாசை மேலே கொண்டுவரும் பாதைகளாக இடம்பெற்றன. மேலே சொன்ன ஐந்தில் எதிலும் எறும்பு கிடையாது.

வாயுவாகக் கூடியவை பட்டியலில் இருந்தால் மூன்றாவது மாடல் கட்டாயம். ஆனால் அதன் தூரக் கணிப்பை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உரிமத்தில் சுற்றுவட்டார மண்வாயு அளவீட்டை நிபந்தனையாக வைப்பது மாடலை மேலும் மெருகேற்றுவதைவிடப் பயனுள்ளது. வெடிப்புப் பாறைக்கு நான்காவது. இதில் தயக்கம் வேண்டாம்.

திரவம் கசிந்த இடத்துக்கு விடை இரண்டாகப் பிரிகிறது. இதுவரை எங்கே போயிருக்கிறது என்பதற்கு வேதிநகர்வு மாடல் வேண்டும், அதுவும் துளையில் அளந்த தரவு கையில் இருந்தால்தான். இனி எங்கே போகும் என்பதற்குப் பல நேரம் ரிச்சர்ட்ஸ் மாடலே போதும், ஏனென்றால் உப்பு நீர்த்த பின் ஓட்டுவது மேலிருந்து இறங்கும் மழைதான். தோண்டுவதா மூடுவதா என்ற கேள்வியில் சீசியமும் ஸ்ட்ரான்சியமும் மட்டும் என்றால் மூடுவது என் தேர்வு. முந்நூறு ஆண்டில் பத்து அரையாயுள் முடிந்துவிடும், அதுவரை மூடியைப் பராமரித்தால் போதும். டெக்னீசியம் ஆழமற்ற இடத்தில் நிறைய இருந்தால் மூடி வெறும் தள்ளிப்போடல். எடுக்கக்கூடிய ஆழம் என்றால் எடுத்துவிட வேண்டும்.

முந்நூறு ஆண்டு பராமரிப்பு என்று எழுதுவது சுலபம். பீட்டியின் மூடிய களத்தில் 2015 அக்டோபரில் பெருமழைக்குப் பிறகு பழைய குழி ஒன்று தீப்பிடித்து வெடித்தது. மூடியின் பழுது வழியே உள்ளே போன நீர், அரித்துப்போன பீப்பாய்களில் இருந்த சோடிய உலோகத்தைத் தொட்டதுதான் காரணம். மூடி போட்டு இருபத்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதனால் மாடல் அறிக்கை கேட்கும் ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி சேர்த்துவிடுவது நல்லது: மூடியில் ஓர் இடம் அமிழ்ந்து குளமாகத் தேங்கினால் என்ன ஆகும் என்று ஒரு ஓட்டம், மூடியின் மேல் செடியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று இன்னொரு ஓட்டம். இரண்டையும் ஹைட்ரஸ்-1டி ஒரு மடிக்கணினியில் ஓட்டிவிடும்.